தம்பி விட்டுப்போன டரான்டுலாவும் என் இடது கண்ணும்

டரான்டுலா என்கிற பெரிய எட்டுக்கால் பூச்சியை வீட்டில் வைத்து வளர்ப்பவர்கள் சென்னை, கோயம்புத்தூர் பக்கம்தான் இருப்பார்கள் என்று நினைத்திருந்தேன். என் கண் பட்ட பாட்டை நாலு பேரிடம் சொல்லப்போய்தான் தெரிந்தது, ராமநாதபுரத்தில் ஒரு கல்லூரிப் பையன், தொண்டியில் ஒரு செல்போன் கடைக்காரர் என்று நம் கரையோரத்திலேயே இந்தப் பிரியம் ஓடிக்கொண்டிருக்கிறது. பெரும்பாலும் வீட்டாருக்குத் தெரியாமல் பரணில் ஒரு பிளாஸ்டிக் டப்பா. அவர்களுக்காக இதை எழுதுகிறேன். அதைவிட, அவர்கள் வெளியூர் போகும்போது "கொஞ்ச நாள் பார்த்துக்கங்க" என்று நீட்டும் டப்பாவை வாங்கிக்கொள்ளும் அக்காமாருக்கும் மனைவிமாருக்கும் எழுதுகிறேன். எனக்கு இதையெல்லாம் முன்கூட்டியே சொல்ல ஓர் ஆள் இருந்திருந்தால் கிட்டத்தட்ட 25,000 ரூபாய் மிஞ்சியிருக்கும்.

நான் ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் ஒரு நண்டு கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். அப்பா இல்லை. அம்மா, நான், தம்பி. தம்பிக்குக் கப்பலில் வேலை கிடைத்து 2024 செப்டம்பரில் கிளம்பினான். அவன் அறையில் ஒரு கண்ணாடித் தொட்டியில் மெக்சிகோ நாட்டு டரான்டுலா ஒன்று இருந்தது. கால் முட்டிகளில் ஆரஞ்சும் சிவப்புமாக நிறம் இருப்பதால் வளர்ப்பவர்கள் 'ரெட் நீ' என்பார்கள். கூடவே மருந்துக் குப்பி அளவு டப்பாக்களில் வேறு இனத்துக் குட்டிகள் சில. உச்சிப்புளிப் பக்கம் பனங்காட்டில் அவனே பிடித்து வந்த நட்டுவாக்காலி ஒன்று. பெரியதைச் சென்னையில் ஒருவரிடம் 8,000 ரூபாய்க்கு வாங்கியிருக்கிறான். அம்மாவிடம் சொன்ன விலை 800.

போகும்போது ஒரு தாளில் எழுதிக் கொடுத்தான். தண்ணீர்த் தட்டு காயக்கூடாது, பத்து நாளைக்கு ஒரு கரப்பான் போதும், கையை உள்ளே விடாதே, மூடியைத் தாழ்போடு. "இது சாதுக்கா. கடிச்சாலும் குளவி கொட்டுன மாதிரிதான்" என்றான். அது சரிதான், இந்த இனம் கடித்து யாருக்கும் பெரிதாக ஆனதில்லை. ஆனால் அந்தத் தாளில் முடியைப் பற்றி ஒரு வரி கிடையாது. வளர்ப்பவர்களுக்கு அது மூச்சுவிடுவது மாதிரி தெரிந்த விஷயம் என்பதால் சொல்லத் தோன்றாது போலிருக்கிறது.

அதை முதலில் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கக் கண்டங்களிலிருந்து வரும் டரான்டுலாக்களில் பெரும்பாலானவற்றுக்குப் பின்வயிற்றில் ஒரு விதமான அரிப்பு முடி உண்டு. பயந்தால் பின்னங்காலால் வயிற்றைத் தேய்த்து அந்த முடியைக் காற்றில் உதறும். ஒவ்வொரு முடியிலும் கண்ணுக்குத் தெரியாத கொக்கிகள் இருக்கும். தோலில் பட்டால் அரிக்கும், கண்ணில் பட்டால் உள்ளே போய்க்கொண்டே இருக்கும். ஆசிய, ஆப்பிரிக்க இனங்களுக்கு இந்த முடி கிடையாது. அதற்குப் பதில் வேகமும் கோபமும் அதிகம், விஷமும் கடுமை. நம் நாட்டிலும் இலங்கையிலும் மரப்பொந்துகளில் இருக்கும் வகை கடித்தால் உடம்பு முழுக்கத் தசைப்பிடிப்பு வந்து நாள்கணக்கில் நீடிப்பதுண்டு. பாம்புக்கடிக்குப் போடும் ஊசி இதற்கு உதவாது. ஆகவே யாராவது ஒரு டப்பாவை உங்களிடம் நீட்டினால், கடிக்குமா என்று கேட்பதோடு நிறுத்தாமல், எந்த நாட்டு இனம், முடி உதறுமா என்று கேளுங்கள். பெயரைத் தமிழிலோ இங்கிலீஷிலோ எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பின்னால் டாக்டரிடம் காட்ட அந்தச் சீட்டு தேவைப்படும்.

முதல் மாதம் எனக்குப் பெரிய சிரமம் இல்லை, அம்மாவுக்குத்தான். தம்பி ஒரு டப்பாவில் கரப்பான் வளர்த்து வைத்திருந்தான், அதற்குக் கேரட் துண்டு போட வேண்டும். "அடுப்படியில கரப்பானுக்கு மருந்து, மாடியில கரப்பானுக்குக் கேரட்டா? நல்லா இருக்குடி உங்க குடும்பம்" என்று தினமும் கேட்பார், அவர் வேறு குடும்பம் மாதிரி. ஆனால் ஒரு விஷயத்தில் அவர் கேள்வி சரி. வீட்டில் ஓடும் கரப்பானைப் பிடித்துப் போடக்கூடாது. எங்கோ மருந்தைத் தின்றிருக்கும், அதைத் தின்கிற பூச்சியும் போய்ச் சேரும்.

குட்டிகள் வேறு விதமாகப் போயின. பாதியை எறும்பு முடித்தது. காலையில் பார்த்தால் மூடியின் காற்று ஓட்டைக்குள் சாரை சாரையாகப் போய் வந்துகொண்டிருந்தது. அதற்கப்புறம்தான் பெரிய தொட்டி இருந்த மேசையின் நான்கு கால்களுக்கும் தண்ணீர்க் கிண்ணம் வைத்தேன். மிச்சம் இருந்தவற்றுக்கு டெங்கு சமயத்தில் தெருவில் அடித்த கொசுப்புகை எமன். அவற்றை மாற்றி வைத்திருந்த பக்கத்து அறையின் ஜன்னல் திறந்திருந்தது, நான் வேலையில் இருந்தேன். கொசுவுக்கு அடிக்கும் மருந்து எட்டுக்காலிக்கும் நஞ்சுதான். செருகி வைக்கும் கொசு மருந்து, ஸ்பிரே, சுருள் எதுவும் அந்த அறையில் கூடாது. புகை வண்டிச் சத்தம் கேட்டாலே ஜன்னலைச் சாத்தி, தொட்டிமேல் ஈரத்துணியைப் போட்டுவிட வேண்டும். பெரியது தப்பியது, அன்று தம்பி அறையின் கதவும் ஜன்னலும் தற்செயலாகச் சாத்தியிருந்ததால்.

அக்டோபரில் ஒரு நாள் அம்மா கம்பெனிக்குப் போன் போட்டு, "உன் தம்பி சொத்து மல்லாந்து கெடக்கு, அள்ளிப் போட்டுரவா?" என்றார். எனக்குச் சந்தேகம். நண்டு ஓடு கழற்றும்போது எப்படி இருக்கும் என்று தினமும் பார்க்கிற ஊர் இது. தொடாதீங்கம்மா என்று சொல்லிவிட்டு வந்து பார்த்தால், பழைய தோலை அப்படியே கழற்றிப் பக்கத்தில் போட்டுவிட்டுப் புதுசாக, ஈரமாக, அசையாமல் கிடந்தது. மல்லாந்து கிடந்தால் தோலுரிக்கிறது. குப்புறக் கிடந்து கால்களை வயிற்றுக்கடியில் மடக்கியிருந்தால்தான் கவலைப்பட வேண்டும். தோலுரிக்கும்போது புரட்டிவிடுவது, தண்ணீர் தெளிப்பது, ஊதிப்பார்ப்பது எதுவும் வேண்டாம். உள்ளே கரப்பான் கிடந்தால் மட்டும் எடுத்துவிட வேண்டும், பல்லும் தோலும் இறுகாத சமயத்தில் கரப்பானே அதைக் கடித்துவிடும். அப்புறம் இரண்டு வாரமாவது இரை போடக்கூடாது. கழற்றிய தோல் அழகாக இருக்கிறதென்று கையில் எடுத்து நண்பர்களுக்குக் காட்டுகிறார்களே, அதிலும் அந்த முடி இருக்கும். இதுவும் தாளில் இல்லை.

அடுத்து மழை. 2024 நவம்பர் 20ஆம் தேதி இந்தப் பக்கம் இருந்தவர்களுக்கு மறக்காது. ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டரைத் தாண்டிவிட்டது, பாம்பனிலும் மண்டபத்திலும் தெருவெல்லாம் குளம். எங்கள் வீட்டுக்குள் கணுக்கால் அளவு தண்ணீர். கரண்டும் இல்லை. மாடி அறைச் சுவர் ஊறி, தொட்டிக்குள் இருந்த தென்னை நார்த்தூள் சொதசொதவென்று ஆகி, சில நாளில் வெள்ளையாகப் பூஞ்சை பிடித்துவிட்டது. மூடியில் இருந்த கம்பி வலை ஏற்கெனவே உப்புக் காற்றில் துருவேறித் துகள் துகளாக உதிர்ந்துகொண்டிருந்தது. (கடலோரத்தில் இருப்பவர்கள் கம்பி வலை மூடியே வாங்காதீர்கள். துரு ஒரு பக்கம் இருக்க, கால் நகம் வலையில் மாட்டித் தொங்கும். ஓட்டை போட்ட கெட்டி பிளாஸ்டிக் மூடி போதும்.) மெக்சிகோவின் அந்த இனத்துக்கு ஓரளவு காய்ந்த தரைதான் ஏற்றது. தம்பிக்குச் செய்தி அனுப்பினால் ஒற்றை டிக்கோடு நிற்கிறது. கப்பல் நடுக்கடலில். சரி, நானே மாற்றிவிடலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தேன்.

தாளில் இருந்ததைத்தான் செய்தேன். கையை நேரே விடவில்லை. அகலமான டப்பாவைக் கவிழ்த்து, அட்டையை அடியில் செருகி, அதைத் தனியாக எடுத்து வைத்தேன். எடுக்கும்போது பின்னங்காலால் வயிற்றைத் தேய்த்துக்கொண்டே இருந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் ஏதோ தூசி பறந்த மாதிரி இருந்தது, அவ்வளவுதான். தலைக்கு மேல் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. ஓரங்களில் காய்ந்திருந்த நார்த்தூளையும், அது நூல் விரித்து வைத்திருந்த படலத்தையும் கரண்டியால் சுரண்டிக் கொட்டினேன். அந்தப் படலத்தில் வேண்டுமென்றே முடியைப் பதித்து வைக்கிற பழக்கம் இந்த வகைகளுக்கு உண்டு என்று பின்னால்தான் தெரிந்தது. குனிந்து சுரண்டிய நேரம்தான் கண்ணில் விழுந்திருக்க வேண்டும். கையெல்லாம் அரிப்பு. கண்ணில் ஏதோ உறுத்த, அதே கையால் தேய்த்தேன்.

அன்று இரவு தூக்கமில்லை. மணல் விழுந்த உறுத்தல் எனக்குப் பழக்கம், கடற்கரையில் பிறந்தவள். இது வேறு. இமையைத் திறக்கும்போதும் மூடும்போதும் குத்தியது. டியூப்லைட் வெளிச்சமே தாங்கவில்லை. காலையில் இடது கண் ரத்தச் சிவப்பு.

பக்கத்தில் ஒரு கிளினிக்குக்குப் போனேன். விவரத்தை ஒளிக்காமல் சொன்னேன், எட்டுக்கால் பூச்சித் தொட்டியைச் சுத்தம் செய்தேன், அப்புறம்தான் இப்படி என்று. அவர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "எட்டுக்கால் பூச்சிக்கு ஏதும்மா முடி? இது மெட்ராஸ் ஐ, ஊரெல்லாம் இருக்கு" என்று சிரித்தார். ஆன்டிபயாடிக் சொட்டு மருந்து. வாரம் ஓடியும் குறையவில்லை. இன்னொரு இடத்தில் வேறு சொட்டு மருந்து கொடுத்தார்கள். அது போட்டதும் சிவப்பு குறைந்தது, நிறுத்தினால் மறுபடி வந்தது. மருந்துக் கடைக்காரர், "அதையே தொடர்ந்து போடுங்க, நல்லாத்தானே கேக்குது" என்று சீட்டு இல்லாமல் இன்னொரு பாட்டில் கொடுத்தார். அது ஸ்டீராய்டு மருந்து என்றோ, அதை இஷ்டத்துக்குப் போட்டால் கண் அழுத்தம் ஏறும் என்றோ யாரும் சொல்லவில்லை. கம்பெனியில் வேறு யாரும் பக்கத்தில் உட்காரவில்லை, மெட்ராஸ் ஐ என்று. கணக்கு நோட்டு இரண்டிரண்டாகத் தெரிந்தது. அந்த வாரங்களில் எனக்கு இருந்த பயத்தை அம்மாவிடம் சொல்லவே இல்லை. சொன்னால் முதல் காரியமாகத் தொட்டியைத் தூக்கித் தெருவில் போட்டிருப்பார். இரவில் வலது கண்ணை மூடிக்கொண்டு சுவர்க் காலண்டரின் தேதி தெரிகிறதா என்று பார்ப்பேன். ஒரு நாள் தெரியும், ஒரு நாள் தெரியாது.

மார்கழி பிறந்த பிறகு சித்தி மகன் வற்புறுத்தி மதுரைக்குக் கூட்டிப்போனான். அங்கே பெரிய கண் மருத்துவமனையில் ஸ்லிட் லாம்ப் என்கிற கருவிக்கு முன்னால் தாடையை வைக்கச் சொல்லிப் பார்த்த இளம் டாக்டரம்மா, நான் எதுவும் சொல்வதற்கு முன்பே, "வீட்டுல முருங்கை மரம் இருக்கா? கம்பளிப்பூச்சி ஏதாவது?" என்று கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. டரான்டுலா என்று சொன்னதும் அவர் ஆச்சரியப்படவில்லை, சீனியரைக் கூப்பிட்டுக் காட்டினார். கம்பளிப்பூச்சி முடி கருவிழியில் குத்திக்கொண்டு வரும் நோயாளிகளை அவர்கள் நிறையப் பார்த்திருக்கிறார்கள். இதுவும் அதே கூத்துதான், முடி மட்டும் இன்னும் பொடி. டார்ச் வெளிச்சத்தில் தெரியவே தெரியாது. சாதாரணக் கண் பரிசோதனையிலும் தவறிப்போகும். இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் டரான்டுலா வளர்த்த 29 வயது இளைஞர் ஒருவருக்கு இதே மாதிரி நடந்து, முதலில் கண்நோய் என்று ஆன்டிபயாடிக் கொடுத்துக் கேட்காமல், அப்புறம் கருவிழியில் முடியைக் கண்டுபிடித்ததை லான்செட் என்ற மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார்கள். அவரும் தொட்டியைச் சுத்தம் செய்தபோதுதான் மாட்டியிருக்கிறார். அதைப் படித்தபோது எனக்கு விசித்திரமான ஒரு ஆறுதல்.

மேலாக இருந்த முடிகளை மரத்துப்போகும் மருந்து விட்டு, மெல்லிய இடுக்கியால் எடுத்தார்கள். இமையை மடக்கி அதன் உள்பக்கமும் பார்த்தார்கள். ஆழத்தில் இருந்தவற்றைத் தொடவில்லை. தோண்டினால் கருவிழியில் தழும்பு விழும், உடம்பு அதைச் சுற்றி அடங்கவிடுவதே நல்லது என்றார்கள். கொக்கி இருப்பதால் முடி பின்னால் வராது, கண் அசைய அசைய உள்ளேதான் நகரும், சிலருக்கு விழித்திரை வரைகூடப் போயிருக்கிறது என்பதால் கண்பாப்பாவை மருந்து விட்டு விரித்து உள்ளேயும் பார்த்தார்கள். எனக்கு அதுவரை போகவில்லை. ஸ்டீராய்டு சொட்டு மருந்தையே கொடுத்தார்கள். ஆனால் மணிக்கு ஒரு தடவை என்று தொடங்கி, அட்டவணை போட்டு மாதக்கணக்கில் குறைத்துக்கொண்டே வந்து, ஒவ்வொரு முறையும் அழுத்தம் அளந்து பார்த்துத்தான். அழுத்தம் ஏற்கெனவே கொஞ்சம் ஏறியிருந்தது, கடைக்காரர் கொடுத்த பாட்டிலின் புண்ணியம். அதற்குத் தனி மருந்து.

செலவைச் சொல்லிவிடுகிறேன், கணக்கு எழுதுகிறவள் என்பதால் சீட்டெல்லாம் இருக்கிறது. உள்ளூரில் 2,000. மதுரையில் பரிசோதனை, முடி எடுத்தது, மருந்து எல்லாம் சேர்ந்து 11,500. பஸ், சாப்பாடு, துணைக்கு வந்தவன் செலவு 3,500. லீவுக்குப் பிடித்த சம்பளம் 8,000. இன்றைக்கும் இரண்டு முடி உள்ளேயே இருக்கிறது. பார்வைக்குக் குறை இல்லை. வெயிலில் கண்ணாடி இல்லாமல் போனால் தண்ணீர் கொட்டும், அவ்வளவுதான்.

உங்களுக்கு இப்படி ஆனால் செய்ய வேண்டியது இது. தேய்க்காதீர்கள், எவ்வளவு உறுத்தினாலும். முதலில் கையை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, நல்ல தண்ணீரால் கண்ணைக் கொஞ்ச நேரம் விடாமல் அலசுங்கள். நேரே ஸ்லிட் லாம்ப் இருக்கும் கண் மருத்துவரிடம் போங்கள். சிவந்த கண்ணோடு போகிற எல்லோரையும் போலப் பார்த்து அனுப்பிவிடுவார்கள், அதனால் "கம்பளிப்பூச்சி முடி மாதிரி ஒன்று கண்ணில் போயிருக்கிறது" என்று சொல்லுங்கள். டரான்டுலா என்றால் சிரிப்பவருக்கும் கம்பளிப்பூச்சி என்றால் புரியும். தோலில் பட்ட முடிக்குச் சொறியாமல் செல்லோ டேப்பை ஒட்டி ஒட்டி எடுங்கள், அப்புறம் குளிர்ந்த தண்ணீர். மூச்சிரைப்பு உள்ளவர்கள், சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் இந்த அமெரிக்க வகைகளே வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். கோபித்துக்கொள்கிறவர்கள் கோபித்துக்கொள்ளட்டும்.

பொங்கல் முடிந்ததும் தம்பி சிங்கப்பூர் துறைமுகத்திலிருந்து வீடியோவில் வந்தான். முழுக்கச் சொன்னேன். "சாரிக்கா, கண்ணாடி போடணும்னு சொல்லாம விட்டுட்டேன்" என்று தலையைக் குனிந்துகொண்டான். வேறு யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று முடிவானது. அதுவரை எனக்குக் கிடைத்த யோசனைகளில் முக்கால்வாசி, "கருவக்காட்டுல கொண்டுபோய் விட்டுட்டு வா". மெக்சிகோ பக்கத்திலிருந்து வந்த சீமைக்கருவேலம் ஒன்று போதும் இந்த மாவட்டத்துக்கு, அந்த ஊரிலிருந்து இன்னொன்றையும் அவிழ்த்துவிட நான் தயாராக இல்லை. நட்டுவாக்காலி விஷயம் வேறு, அது இந்த மண்ணுக்குச் சொந்தம். பிடித்த பனங்காட்டிலேயே ஒரு சாயங்காலம் விட்டுவிட்டு வந்தேன். (அது கொட்டினால் கடுக்கும், அவ்வளவுதான். நம் பக்கத்தில் உயிரை வாங்கக்கூடியது சின்னதாக இருக்கும் செந்தேள். அது கொட்டினால் நேரத்தைக் கடத்தாமல் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.)

கொடுப்பதிலும் ஒரு சட்டச் சிக்கல் இருந்தது. ரெட் நீ இனம் 1985 முதலே சைட்டிஸ் என்னும் உலக வன உயிரின வணிக ஒப்பந்தப் பட்டியலில் இருக்கிறது. நம் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தை 2022இல் திருத்தி, அந்த ஒப்பந்தப் பட்டியலில் உள்ள அயல்நாட்டு உயிர்களுக்கென்று நான்காவது அட்டவணை ஒன்றைச் சேர்த்தார்கள். 2023 ஏப்ரலில் அது நடைமுறைக்கு வந்தது. 2024 பிப்ரவரி 28இல் விதிகள் வந்து, ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் ஆறு மாதத்துக்குள் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும் என்றார்கள். தம்பி கப்பலுக்குக் கிளம்பும் அவசரத்திலும் 1,000 ரூபாய் கட்டிப் பதிந்து வைத்திருந்தான், அதில் அவனைப் பாராட்ட வேண்டும். ஆனால் பதிவு அவன் பெயரில், ஓடிபி வருவது அவன் போனுக்கு. கைமாற்றினாலும், குட்டி போட்டாலும், செத்தாலும் அதில் தெரிவிக்க வேண்டும். அவன் கரையிறங்கி சிக்னல் கிடைக்கிற நேரமும் நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்கிற நேரமும் பொருந்திவரவே பல வாரம் ஆனது. விவரம் கேட்கப் போன அலுவலகத்தில், "எட்டுக்கால் பூச்சிக்கெல்லாமா சர்டிபிகேட்?" என்று அவர்களே என்னைக் கேட்டார்கள். நான் விதியை அச்செடுத்துக்கொண்டு போய்க் காட்டிய பிறகுதான் பேச்சு நகர்ந்தது. வாங்க நினைப்பவர்கள் முதலில் இனத்தின் பெயரைக் கேட்டு, அது அந்தப் பட்டியலில் உள்ளதா என்று பார்த்து, விற்பவர் பெயரில் பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள். ஊரைவிட்டுப் போகிறவர்கள் பதிவுத் தாளின் நகலையும் லாகின் விவரத்தையும் வீட்டில் கொடுத்துவிட்டுப் போங்கள்.

வெளிநாட்டிலிருந்து பார்சலில் வரவழைத்துத் தருகிறேன் என்பவர்களிடம் நெருங்கவே வேண்டாம். 2020 ஜூலையில் போலந்திலிருந்து வந்த ஒரு பார்சலைச் சென்னையில் சுங்கத்துறை பிரித்தபோது, குப்பிகளில் அடைத்த 107 உயிருள்ள எட்டுக்கால் பூச்சிகள் இருந்தன. முகவரி எங்கோ இல்லை, அருப்புக்கோட்டை. இறக்குமதி உரிமமும் கிடையாது, சுகாதாரச் சான்றும் கிடையாது. அத்தனையையும் வந்த நாட்டுக்கே திருப்பி அனுப்ப முடிவு செய்தார்கள்.

நான் கொடுக்க ஆள் தேடுகிறேன் என்ற செய்தி எப்படியோ பரவி, ஒருவர் போன் செய்தார். குரல் மிக மரியாதை. ரெட் நீயைப் பற்றி இரண்டு வார்த்தை பேசிவிட்டு, "மேடம், நீங்க மண்டபம்னு சொன்னாங்க. ராமேஸ்வரத்துல புளியமரத்துலயும் பனையிலயும் ஒரு வகை இருக்கே, அதைப் பிடிச்சுத் தர ஆள் கிடைக்குமா? ஒண்ணுக்கு 2,000 தர்றேன்" என்றார். எனக்கு அப்படி ஒன்று இருப்பதே அன்றுதான் தெரியும். தேடிப் படித்தேன். பொயசிலோதீரியா ஹனுமவிலாசுமிகா என்று பெயர். ராமேஸ்வரம் தீவில் கண்டு 2004இல் பெயர் வைத்திருக்கிறார்கள். அழிவின் விளிம்பில் இருக்கும் இனம் என்று உலக அளவில் பட்டியலிட்டிருக்கிறார்கள். 2019இல் அந்தப் பேரினம் முழுவதையும் சைட்டிஸ் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். பழைய மரம் ஒன்றை வெட்டினாலே அதன் வீடு போய்விடும். அவர் மறுபடி கூப்பிட்டார். நான் எடுக்கவில்லை, எண்ணைத் தடை செய்துவிட்டேன். இந்தக் கரையில் இருப்பவர்களுக்கு இப்படிப் போன் வரும். கடல் அட்டைக்குக் காசு தருகிறேன் என்று வந்தவர்களை நம்பி எத்தனை பேர் வழக்கில் மாட்டினார்கள் என்று நமக்குத் தெரியாததா.

கடைசியில் கோயம்புத்தூரில் இருக்கும் தம்பியின் நண்பர் எடுத்துக்கொள்ள முன்வந்தார். பஸ் பார்சலிலோ கூரியரிலோ அனுப்புவதில்லை என்று நான் முதலிலேயே சொல்லிவிட்டேன். தாள்வேலை முடிந்ததும் அவரே ராமநாதபுரம் வரை வந்தார். உள்ளங்கை அளவு டப்பாவில், சுற்றிலும் ஈரமான டிஷ்யூ திணித்து, உள்ளே உருளாத மாதிரி வைத்து எடுத்துப்போனார். உருண்டு விழுந்தால் வயிறு வெடித்துவிடுமாம். வந்தவர் கண்ணாடி, கையுறை, முகக்கவசத்தோடு இறங்கியதைப் பார்த்து அம்மா, "இவன்தான்டி விவரமானவன்" என்றார். தொட்டியையும் எடுத்துக்கொள்கிறீர்களா என்று கேட்டேன். வேண்டாம் என்று சிரித்தார்.

அதை நான்தான் தீர்க்க வேண்டியிருந்தது. இந்த முறை மின்விசிறியை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, மோட்டார் பைக் ஓட்டுபவர்கள் போடும் முழுக் கண்ணாடி, முகக்கவசம், நீளக்கை சட்டை, ரப்பர் கையுறை. நார்த்தூளை முதலில் தண்ணீர் தெளித்து நன்றாக நனைத்துக்கொண்டேன். ஈரத்தில் முடி பறக்காது. அப்படியே இரட்டைப் பையில் கட்டி, கொல்லையில் ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்தேன். விளக்குமாறு எடுக்கவே இல்லை, பெருக்கினால் மறுபடி கிளம்பும். தரை, மேசை, ஜன்னல் கம்பி எல்லாம் ஈரத்துணியால் ஒரே போக்கில் துடைத்து, அந்தத் துணியையும் பையிலேயே போட்டேன். திரைச்சீலையை மற்ற துணியோடு சேர்க்காமல் தனியாக அலசினேன். மின்விசிறி இறக்கைகளின் மேல்பக்கத்தை மறந்துவிடாதீர்கள். எல்லாம் முடிந்ததும் அங்கே செல்லோ டேப்பை ஒட்டி எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தேன். பொடிப்பொடியாக இன்னும் ஒட்டியிருந்தது. மறுபடி துடைத்தேன்.